மாரிக்கு முன்னே தோட்டக் கணக்கு

புரட்டாதி பிறந்ததும் நம்மவர் இல்லங்களில் நவராத்திரி ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சு எழும். மழை தொடங்குமுன் உடைந்த ஓடு மாற்றவும் விறகு சேர்க்கவும் முதியோர் நினைவூட்டுவர். இவற்றோடு சேர்த்துப் பேசவேண்டிய ஒன்று மனைத்தோட்டம். தை மாதத்தில் வெயில் இதமாகிக் கிணற்றில் நீர் நிறைந்து நிற்கும்போது, வளவிலே நாலு கத்தரி நட்டாலென்ன என்று எண்ணாத வீட்டார் அரிது. ஆனால், தையில் எண்ணத் தொடங்குகிறவர் மாசியில் நாற்று நடுவார். பங்குனி வெயிலுக்கு அதனைப் பறிகொடுப்பார். தையில் காண விரும்பும் தோட்டம் புரட்டாதியிலே திட்டமிடப்பட வேண்டியது. இவ்வாரம் அதனைப் பற்றியே நேயர்களுடன் அளவளாவக் கருதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் விதைப் பொதிகள் சிலவற்றில் இலையுதிர் காலத்தில் விதைக்கும்படி அச்சிடப்பட்டிருப்பதை மாணவர் சிலர் கண்டிருப்பர். குளிர்நாட்டுத் தோட்டக்காரன் முதல் உறைபனி விழக்கூடிய நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கிறான். நமக்கு உறைபனியும் இல்லை. மரங்களெல்லாம் ஒருசேர இலையுதிர்த்து நிற்கும் பருவமும் இல்லை. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர். அவ்வகுப்பு யாழ்ப்பாணத்து மனைத்தோட்டத்துக்கு இன்றும் பொருந்துகிறது. இங்கே பயிருக்குப் பகை குளிர் அன்று, நீரே. கூதிரிலே நீரின் மிகை. பின்பனி கழிந்ததும் நீரின் குறை. இவ்விரண்டுக்கும் நடுவே, மார்கழி நடுப்பகுதி தொடக்கம் மாசி முடிவு வரை ஏறத்தாழ 75 நாள் நமக்கு வாய்க்கின்றன. அந்த 75 நாளுக்குள் பயிரைக் காய் பறிக்கும் பருவத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் திட்டம் வென்றது.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியைச் சிலர் இங்கும் எடுத்துரைப்பதுண்டு. ஆடியிலே ஆற்றில் புதுவெள்ளம் காணும் சோழநாட்டுக்கு அது தக்க மொழியே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலோ ஆடி என்பது சோளகக் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டிருக்கும் மாதம். 2022 ஆம் ஆண்டில், பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த வேளையில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்டது. நோக்கம் குறைகூறத் தக்கதன்று. ஆனால், அறிவிப்பு வந்த மாதம் ஜூன். தென்மேற்குப் பருவமழை பெய்யும் கொழும்புக்கும் காலிக்கும் அது விதைப்புக்கு இசைந்த காலம். நமக்கோ வாளியும் கையுமாய் நின்றாலன்றி ஒரு முளையும் தப்பாத காலம். ஒரே தீவானாலும் நாட்காட்டி ஒன்றன்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்களவு ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் என்னும் மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நம் தோட்டக் கணக்கு இந்த உண்மையிலிருந்தே தொடங்கவேண்டும்.

முதலாவது, அளவு. ஆர்வத்தினால் வளவு முழுவதையும் கொத்திப் புரட்டுவோர் உளர். மாசியில் அவர்களுக்கு நீர் அள்ளிக் கை சலித்துவிடும். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள துண்டு ஒரு சிறு குடும்பத்துக்குத் தொடக்கத்தில் போதும். வெயில் ஏறிய நாளில் ஒரு சதுர மீற்றர் நிலம் பயிரோடு சேர்ந்து 4 முதல் 5 லீற்றர் வரை நீர் கேட்கும். 200 சதுர அடி என்பது ஏறக்குறைய 18½ சதுர மீற்றர். எனவே, நாளொன்றுக்கு 90 லீற்றர், அஃதாவது பத்து லீற்றர் வாளியால் ஒன்பது வாளி வேண்டும். மாலையில் இரு பிள்ளைகள் மாறிமாறி ஊற்றக்கூடிய அளவு இது. மின்பம்பி இருக்கிறதே, இன்னும் பெரிதாக்கலாமே என்பார்க்கு ஒன்று கூறுவேன். குடாநாட்டின் சுண்ணக்கல்லினுள் நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்திருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும் என்பது அதன் மறுபக்கம். கிணறு உவராவது ஒருவர் வீட்டோடு நிற்பதுமன்று.

இடம் தேர்வது எளிது. நாளில் ஆறு மணி நேரமேனும் வெயில் விழவேண்டும். மாவின் நிழலிலும் வேம்பின் வேர்களிடையிலும் கத்தரி காய்க்காது. மழைநீர் தேங்காத மேட்டுநிலமாயின் நன்று. வலிகாமத்துச் செம்மண் நீரை விரைந்து உள்வாங்கும். தாழ்ந்த களிப்பாங்கான நிலத்தில் நீர் நாட்கணக்காக நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலும் கொணர்ந்த வெள்ளத்தைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாத்தியைத் தாழ்த்தி அமைப்பது கோடைத் தோட்டத்துக்கு உரிய முறை. மாரிக்கு மேட்டுப்பாத்தியே வேண்டும். அரையடியேனும் உயர்த்தி, சுற்றிலும் வடிகால் வெட்டுதல் நலம். அவ்வடிகாலின் வாய் எக்காரணங் கொண்டும் கிணற்றுப் பக்கம் திரும்பியிருத்தலாகாது. காரணத்தைப் பின்னே சொல்வேன்.

கணிதம் பயிலும் மாணவர் இவ்விடத்தில் வீட்டாருக்கு உதவலாம். கட்டங்கள் உள்ள தாளில் ஒரு கட்டம் ஓரடி எனக் கொண்டு தோட்டத்தை வரையுங்கள். 4 அடி அகலத்தில் இரு பாத்திகளும் ஓரடி அகலத்தில் இரு நடைபாதைகளும் 10 அடிக்குள் அடங்கும். நாலடிக்கு மேற்பட்டால் இருபுறமும் நின்று நடுவிலுள்ள களையை எட்டிப் பிடுங்க இயலாது. பாத்திகளின் பரப்பு 160 சதுர அடி. கத்தரி ஒன்றுக்கு 3 அடிக்கு 2 அடி வேண்டும்; பத்துக் கன்றுக்கு 60 சதுர அடி. தக்காளி ஒன்றுக்கு ஏறத்தாழ 4 சதுர அடி, பத்துக்கு 40. மிளகாய் ஒன்றுக்கு 3; பத்துக்கு 30. எஞ்சிய 30 சதுர அடியில் கீரையும் முள்ளங்கியும். கன்று சிறிதாயிருக்கும்போது இவ்விடைவெளி வீண்போலத் தோன்றும். நெருக்கி நட்டோர் பின்னர் இலையை மிகுதியாகவும் காயைக் குறைவாகவும் காண்பர்.

இனி மாதக் கணக்கு. புரட்டாதியில் முதல் மழைத்தூறலோடு மண்ணைக் கொத்தி, எரு கலந்து, பாத்தி உயர்த்திவிடுதல் வேண்டும். மழை பிடித்தபின் கொத்தினால் மண் கட்டியாகும். மாரியில் நிலத்தை வெறுமையாய் விடுதலும் ஆகாது. பயற்றை, வெண்டி, மரவள்ளி, பசளிக்கீரை ஆகியன நீர் வடியும் பாத்தியில் மழையோடு வாழக்கூடியவை. பாத்தியில் வெண்டியும் கீரையும் இருக்கட்டும். பயற்றங்கொடியை வேலியோரம் ஏற்றிவிடலாம். மரவள்ளி பல மாதம் நிற்கும் பயிராதலால் அதற்கு அடிவளவில் வேறிடம் கொடுங்கள். மற்றும், கார்த்திகையில் நாம் நடாமலே வேலியில் படரும் முசுட்டை இருக்கிறது. அதன் இலையை அரிந்து தேங்காய்ப்பூவிட்டு வறுத்துண்ட நாவுக்கு மழைக்காலத்தில் கறிக்குக் குறை தோன்றாது. முருங்கையை அக்காலத்தில் நம்புதல் வேண்டா. மசுக்குட்டி கூட்டமாய் வந்து சேரும் காலம் அது.

தோட்டத்தின் உயிர்நிலை நாற்றுமேடை. மழை ஓய்ந்தபின் விதைக்கலாம் என்று காத்திருத்தல் இங்கே பலரும் செய்வது. கணக்கிட்டுப் பாருங்கள். தக்காளி நாற்றாக 3 முதல் 4 வாரம் நிற்கும். நட்டபின் முதற்பழம் பறிக்க ஏறத்தாழ 65 நாளாகும். தைப்பொங்கலன்று விதைத்தால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே பழம் வரும். அதற்குள் நம் 75 நாள் கடந்துவிடும். ஆகவே, மழை பெய்துகொண்டிருக்கும்போதே, மழை படாத இடத்தில் நாற்று வளரவேண்டும். மூன்றடி அகலத்தில், அரையடி உயரத்தில் மேடை அமைத்து, அதன்மேல் உலர்ந்த சருகும் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிடுக. மேல்மண்ணிலுள்ள பூஞ்சண வித்துக்களும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். கன்றின் அடித்தண்டு கறுத்து, ஒரே இரவில் சாய்ந்துவிடும் நாற்றழுகல் நோய்க்கு ஈரமும் நெருக்கமுமே துணை. அதனால் நாலு விரல் இடைவெளியில் கோடு கிழித்து, அரை விரல் ஆழத்தில் ஐதாக விதைத்தல் வேண்டும். விதையைக் கைநிறைய அள்ளி வீசுவோர் அழுகலுக்கு அழைப்பு விடுக்கிறார்கள்.

மேடைக்கு மேலே ஒருபுறம் சாய்வாகக் கிடுகுப் பந்தலோ பொலித்தீன் விரிப்போ அமைக்கலாம். காலை வெயில் படும்படி திறந்து, மழை கறுக்கும்போது மூடவேண்டும். பகல் முழுவதும் மூடிக் கிடந்த நாற்று வெளிறி நெடுத்து வளரும். அதனை நட்டும் பயனில்லை. வீட்டிலே ஒருவர் இதனைத் தம் பொறுப்பாக ஏற்றாலன்றி ஆகாது. அப்பொறுப்பு எங்ஙனமோ இல்லத்தரசியின் தலையிலேயே விழுகிறது. தோட்டத்தைப் பற்றித் திண்ணையிலிருந்து விரிவுரை ஆற்றும் ஆடவர், இந்த ஒரு வேலையையேனும் மேற்கொண்டால் நன்று.

விதைக்கும் நாளையும் பயிருக்குத் தக்கபடி வேறுபடுத்தல் வேண்டும். கத்தரியும் மிளகாயும் நாற்றாக ஐந்து வாரமளவு நிற்பவை. கந்தசட்டி முடிந்த கையோடு இவற்றை விதைத்தால் மார்கழியில் நடலாம். தக்காளியையும் கோவாவையும் கார்த்திகை விளக்கீட்டை அடுத்து விதைத்தால், திருவெம்பாவைக் காலத்தை ஒட்டி நடுகைக்கு ஆயத்தமாகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னிருந்தே நீரைச் சிறிது குறைத்து, பந்தலையும் நீக்கி, நாற்றை வெயிலுக்குப் பழக்குக. மாலையிலே நட்டு, வாழைத்தடலைத் துண்டாக்கி ஒவ்வொரு கன்றின்மீதும் கூடாரம்போற் கவிழ்த்தால் மூன்று நாளில் வேர் பிடித்துவிடும்.

முன்பனி நமக்கு அளிக்கும் தனிப்பேறு தக்காளியாகும். இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை செல்சியசு வரை இருப்பதே அதற்கு உவப்பு. இரவும் வெப்பமாயிருந்தால் மகரந்தம் வலுவிழந்து, பூ மலர்ந்து மலர்ந்து உதிருமேயன்றிக் காய் பிடியாது. வைகாசியிலே செடி செழித்தும் காயில்லையே என ஏங்குவோர் பசளையைக் குறைகூறுவர், குற்றம் இரவினுடையது. மார்கழி, தை இரவுகளே நமக்கு ஆண்டிற் குளிர் மிக்கவை. கோவா, பீற்றூட், கரட், போஞ்சி முதலிய மலைநாட்டு மரக்கறிகளும் இக்காலத்தை நம்பியே இங்கு விளைகின்றன. கரட்டை நாற்றாக்கி நடலாகாது. கிழங்கு கிளைத்துக் கோணும். சின்ன வெங்காயம் வேண்டுவோர் மழை முற்றாக ஓய்ந்தபின், தையில் குமிழ்களை ஊன்றலாம். ஈரமண்ணில் அவை அழுகும். 65 முதல் 75 நாளில் கிண்டி, பிடியாகக் கட்டி, அடுக்களை வளையில் தொங்கவிடலாம். 1970 தொடக்கம் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது குடாநாட்டுக் கமக்காரர் கண்ட செழிப்பை முதியோர் சொல்லக் கேளாதவர் நம்மிடையே குறைவு.

கிணற்றைப் பற்றிச் சொல்வதாக மேலே கூறினேன். இக்கட்டுரையில் நான் மிக வற்புறுத்த விரும்புவது இதுவே. மனைத்தோட்டம் கிணற்றை அடுத்து அமைவது இயல்பு. அக்கிணற்று நீரையே வீட்டார் பருகுகின்றனர். கார்த்திகை மழையில் வெளிறி நிற்கும் கன்றைக் கண்டு, யூரியாவில் ஒரு கைப்பிடி எறிந்துவிடுவது எளிதான வைத்தியமாகத் தோன்றும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணிலே அது நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பற்றிக்கொள்வதில்லை. நீரோடு நீராய் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே நிலத்தடி நீரை அடைந்துவிடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு கடந்திருப்பதை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளனர்.

மாணவர் இதனையும் கணக்கிடலாம். ஒரு கிலோகிராம் யூரியாவில் 460 கிராம் நைதரசன். அது முற்றாக நைத்திரேற்றானால் ஏறத்தாழ 2 கிலோகிராம் வரும். அம்முழுமையும் மழையில் கழுவுண்டு இறங்கினால் 40,000 லீற்றர் தூயநீரை மேற்சொன்ன வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பத்தடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடி நீர் நின்றால் அது ஏறக்குறைய 22,000 லீற்றர். ஒரு கிலோகிராமுக்கு அவ்வளவான கிணறு இரண்டு என்று கொள்க. பெரியவர் உடல் இதனை ஓரளவு தாங்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் குருதியிலோ ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்தால் தீங்கில்லை என்று தாய்மார் எண்ணுவர். கொதி கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். மலசலக் குழியும் மாட்டுக் கொட்டிலும் கிணற்றுக்கு அண்மையில் இருந்தால் அவையும் இக்கேட்டுக்குத் துணையாகும்.

இதனால் செயற்கைப் பசளையே கூடாதென்று நான் வாதிப்பதாக எண்ணவேண்டா. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டதை நாம் அறிவோம். பெருந்தோட்டமும் வயலும் வேறு. கிணற்றடியில் 200 சதுர அடி வேறு. இவ்வளவு சிறிய துண்டுக்கு வீட்டிலுள்ளதே போதும். வேலியிற் பூவரசும் கிளிசறியாவும் நிற்கின்றன. மழைக்கு முன் அவற்றைக் கவ்வாத்துச் செய்து குழையைப் பாத்தியிலே தாழ்க்கலாம். பனையோலையைத் துண்டாக்கிப் புதைப்பது குடாநாட்டார் நெடுங்காலம் செய்துவந்த முறை. அது மெல்ல உக்கி மண்ணில் ஈரத்தைக் காக்கும். நன்கு உக்கிய ஆட்டெருவோ மாட்டெருவோ பாத்திக்கு இரண்டு கடகம் இடலாம். புதுச்சாணம் இட்டால் அதன் சூடும் செறிவும் இளவேரைத் தாக்கும். எருக்கும்பியை மழை நனைக்காதபடி கிடுகால் மூடி, கிணற்றுக்குத் தொலைவில் வைத்துக்கொள்க. இவற்றின் பின்னும் யூரியா இட்டேயாகவேண்டுமென்பார், மழை ஓய்ந்தபின், தேக்கரண்டி அளவில், செடியைச் சுற்றி இரண்டு மூன்று முறையாகப் பிரித்து இடட்டும்.

பூச்சியைப் பற்றி நீட்டிப் பேச இடமில்லை. கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறதென்று பொருள். அந்நுனியை உடனே நறுக்கி எரித்தால் காய் தப்பும். ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாயை நடாது, அவ்விடத்துக்குப் பயற்றையையும் கீரையையும் மாற்றுதல் நலம். அம்மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றைப் பிடித்த நோய் மண்ணிலே காத்திருந்து மற்றொன்றைப் பிடிக்கும்.

விதையைக் குறித்துச் சில சொற்கள். மிளகாய், வெண்டி இனங்கள் சிலவற்றின் பெயருக்கு முன்னே எம்.ஐ. என்றிருக்கும், மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை என்பது அதன் குறிப்பு. கத்தரியில் திருநெல்வேலி ஊதா என்பது நம்மூர்ப் பெயர் தாங்கியது. கலப்பின விதையாயின் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போன்றிராது; ஆண்டுதோறும் வாங்கவேண்டும். விதை பழையதோ என ஐயுற்றால் 20 விதையை ஈரத்துணியிற் சுற்றி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். 15 முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். பத்துக்குக் குறைந்தால் வேறு விதை தேடுக. உள்ளூர்க் கத்தரி வைத்திருப்போர் மாசியில், நோயற்ற செடியொன்றில் இரண்டாம் மூன்றாம் காய்களுள் நல்லதொன்றுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். கறிக்குப் பறிக்க வருவோர் கை அதன்மேற் படாதிருக்கும். மஞ்சளாய்ப் பழுத்தபின் பறித்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பலுடன் போத்தலில் அடைத்து, பயிரின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டி வையுங்கள். கத்தரி விதையும் தக்காளி விதையும் நன்கு உலர்ந்திருந்தால் நாலு ஆண்டளவு முளைதிறன் கெடாதிருக்கும். வெங்காய விதையை மட்டும் மறு ஆண்டுக்கு மேல் நம்ப வேண்டா.